அம்மாவுக்கு எந்த விளக்கு

"அக்கா, ரெண்டு விளக்கில ஒண்டைச் சொல்லுங்கோ. எதை ஏத்துறியள்?"

மனோ அன்ரி இதைக் கேட்டது வைலே நகரப் பாடசாலை ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில், பின்பக்கக் குசினியில். அம்மா பெரிய பானையில் கொதித்த தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஐப்பசி மழை. வாசலில் தொங்கிய ஈரக் கோட்டுகளின் மணமும் வடைச் சட்டியின் எண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன.

அன்று பெண்கள் எழுச்சி நாள். ஆண்டுதோறும் இலைகள் கொட்டும் காலத்தில் டென்மார்க்கில் இருக்கும் எங்கள் சனம் ஒரு மண்டபத்தில் கூடும். ஈழத்துப் போர்க்களத்தில் இறந்த பெண்களின் படங்களை மேடையில் வைத்து வணங்கும். பிறகு ஒரு பேச்சு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடனம், நாடகம்.

இந்த முறை பேச்சு என்னுடையது. இன்னொரு மாற்றமும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளரான மனோ அன்ரி விரும்பினார். நல்ல மனதோடு எடுத்த முடிவு. அவர் தேர்ந்தெடுத்தது என் அம்மா தவமணியை.

சிக்கல் விளக்கில் தொடங்கியது.

காலையில் ஏற்றுவது ஈகைச்சுடர். அது இறந்தவர்களுக்கானது. அவர்களை இழந்த தாயோ மனைவியோ சகோதரமோ ஏற்றுவார். மதியம் கலைநிகழ்ச்சிக்கு முன் ஏற்றுவது மங்கள விளக்கு. அதைப் புருஷன் உயிரோடு இருக்கும் பெண்கள்தான் ஏற்றுவார்கள். இது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஈகைச்சுடரைத் தொட்டால் அப்பா செத்துவிட்டார் என்று அம்மா சபையில் சொன்னதாகும். மங்கள விளக்கைத் தொட்டால் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னதாகும்.

இரண்டில் எது உண்மை என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

சீமெந்து வாங்கப் போனவர்

அப்பாவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் சொல்லியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். என் பிறப்புக்கு முன்பே டென்மார்க் வந்து, இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். அவருடைய கைகள் எப்போதும் குளிராக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைகளை என் கழுத்தில் வைத்து என்னைக் கத்தவைப்பார். அவரைப் பற்றி எனக்கு உறுதியாக நினைவிருப்பது அதுதான். மற்றவை படங்களில் பார்த்தவையா, உண்மையில் நடந்தவையா என்று பிரிக்க முடிவதில்லை.

சுனாமி வந்து மாமியின் வீட்டைக் கொண்டுபோனது. மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. வீட்டைக் கட்டிக் கொடுக்க அப்பா லீவு எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார். அடுத்த வருடம் கூரை போட மறுபடியும் போனார். அந்த முறை அங்கே திரும்பவும் சண்டை தொடங்கி, பாதைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன.

ஒரு காலையில் சீமெந்து வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் போனார். அவ்வளவுதான். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. பாதையில் மறித்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே, நான் காணவில்லை என்றார்.

அதற்குப் பிறகும் அம்மா தினமும் காலையில் ஆஸ்பத்திரித் துப்பரவு வேலைக்குப் போகுமுன் பொட்டு வைத்தார். சின்னதாக, அரக்கு நிறத்தில், ஒட்டுப்பொட்டு. இன்றுவரை வைக்கிறார்.

மூன்றும் இல்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். நான் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தமிழையும் விடவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், மற்றப் பிள்ளைகள் மேசைக்குக் கீழே போன் பார்த்தபோது, நான் எழுத்துக் கூட்டினேன். அதனால்தான் இந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன்.

படித்து முடிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே எனக்கு ஒரு வேலை இருந்தது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது.

ஒரு நாள் கொம்யூன், அதாவது நகரசபை, அலுவலகத்தில், சாம்பல் நிறக் கதிரையில், கால் நிலத்தில் முட்டாமல் இருந்தேன். அதிகாரி ஒரு டெனிஷ் பெண். கழுத்தில் பச்சைச் சால்வை. "மணமானவரா, பிரிந்தவரா, விதவையா?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். விதவை என்ற சொல் எனக்கு அப்போது தெரியாது. "அப்பா செத்துப்போனாரா எண்டு கேக்கிறா" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் அதிகாரியையே பார்த்துச் சொன்னார்: "மூண்டும் இல்ல எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் பேனையை மேசையில் வைத்தார். எழுந்து போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தாகம் எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் முழுவதும் குடித்தேன்.

கடைசியில் அம்மாதான் சொன்னார்: "கலியாணம் முடிச்சவ எண்டு போடச் சொல்லு புள்ள. அது பொய்யில்ல."

இப்போது நான் இன்னொரு கொம்யூனில், மேசைக்கு அந்தப் பக்கத்தில், அதிகாரியின் கதிரையில் இருக்கிறேன். அதே கேள்வியை மற்றவர்களிடம் கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் பக்கத்தில் குழந்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

மாமியின் கொட்டகை

மாமி ஊரில், தெருவோரக் கொட்டகை ஒன்றில் இருக்கிறார். அங்கே வசிப்பதில்லை, போராடுகிறார். காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருக்கிறார்கள். பல வருடமாக.

ஞாயிறுகளில் வீடியோவில் கதைப்போம். மழை நாட்களில் கூரைத் தறப்பாளில் விழும் சத்தத்தில் பாதிப் பேச்சுக் கேட்காது. ஒரு நாள் அவர் சொன்ன கதை இது.

"அரசாங்கத்து ஆக்கள் வந்து, மரணச் சான்றிதழ் தாறம், வாங்கிக்கிட்டுப் போங்க எண்டானுகள் மச்சாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டார்.

"செத்ததெண்டு எழுதித் தாறியெண்டா, எங்க வச்சி, எப்ப, ஆரு செய்த எண்டும் அதில எழுதித் தா, வாங்கிறம் எண்டம். வாயடச்சிப் போயிட்டானுகள்." மாமி சிரித்தார். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "பக்கத்தில இருந்த கிழவி போன கிழமை மோசம் போயிட்டாகா. மகன்ட படத்துக்குப் பக்கத்தில இப்ப அவட படத்தையும் வச்சிருக்கம்."

 போன் அணைந்த பிறகும் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

என் பேச்சை எழுதும்போது இந்தக் கொட்டகையைத்தான் நினைத்தேன். மண்டபத்தில் நாங்கள் எழுச்சி என்று சொன்னால் ஆயுதத்தோடு நின்றவர்களின் படங்கள்தான் நினைவுக்கு வரும். என் வேலையிடத்தில் மார்ச் மாதத்துப் பெண்கள் தினத்தில் சம்பளத்தைப் பற்றிக் கதைப்பார்கள், சிவப்புத் துலிப் ஒன்று தருவார்கள். இரண்டையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டு, செத்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன் என்று இருக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டு நாட்களில் எது? இதுதான் பேச்சு. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குசினியில் நடந்தது அதன் பிறகு.

புனிதா அக்கா சொன்னது

"சுடரை ஏத்த அவவுக்கு மனமில்லையெண்டா, மங்கள விளக்கை ஏத்தட்டுமே" என்றார் மனோ அன்ரி. "நல்ல விசயம்தானே."

வடை சுட்டுக்கொண்டிருந்த புனிதா அக்கா திரும்பினார். அம்மாவின் நெருங்கிய கூட்டாளி. யாழ்ப்பாணத்தவர். அம்மா பேசும்போது வரும் மட்டக்களப்புக் "கா"வைச் சொல்லிக் காட்டிக் கிண்டல் செய்வார். "என்னகா, ஏதுகா, உங்கட ஊரில காகம் கனக்கவோ?" என்பார். அவருடைய புருஷன் புற்றுநோயில் இறந்தது அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில். அந்த நாட்களில் அம்மா வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல், சீருடையோடு அந்தக் கட்டிலருகில் இருந்தவர்.

"நான் ஒண்டு சொன்னாக் கோவிப்பியள்" என்றார் புனிதா அக்கா. "மங்கள விளக்கை இவ எப்பிடி ஏத்துறது? சனம் என்ன கதைக்கும்?"

"என்ன கதைக்கும்?" என்றேன் நான். "பதிவில அம்மா இன்னும் மணமானவ."

"நீ பொறு பிள்ளை. உன்ர டெனிஷ் சட்டத்தைக் குத்துவிளக்குக்குக் கொண்டுவராத." எண்ணெய்க் கரண்டியை உதறினார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "தவம், எனக்கு அவர் என்ர கையிலதான் போனவர். நீயும் பக்கத்தில நிண்டனி. அடுத்த நாள் பொட்டை அழிச்சனான். ஆரும் சொல்லேல்லை, நானே அழிச்சனான். உனக்கெண்டா வசதி. காணேல்லை எண்டு சொல்லிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிக்கலாம்."

வடை கருகிற மணம் வந்தது. ஒருவரும் அடுப்பைக் குறைக்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். இஞ்சி நார் ஒட்டிய ஈரமான விரல்கள்.

"வசதி எண்டா நீ எடுகா" என்றார் அம்மா. சத்தமில்லாமல்தான் சொன்னார். "எனக்கு ஒரு நாளைக்குச் சவப்பெட்டியத் தா. நான் அழுதிட்டுத் திருப்பித் தாறன்."

புனிதா அக்கா அடுப்பை நிறுத்தினார். வடைகளை எடுத்துத் தாளில் போட்டார். திரும்பவேயில்லை.

"ரெண்டு விளக்கும் வேண்டாம், மனோ" என்றார் அம்மா. "ஆரையாவது ஏத்தச் சொல்லு. நான் தேத்தண்ணி ஊத்துறன்."

மனோ அன்ரியின் கண் கலங்கிவிட்டது. "சரி அக்கா, சரி. நான் மாத்திச் சொல்லிவிடுறன்."

பெயர்

அவர் சொல்ல மறந்துவிட்டார். பொல்லாத எண்ணத்தால் அல்ல. ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. பூக்கள் பிந்தி வந்தன. நடனப் பிள்ளை ஒருத்தி சலங்கையை டோஸ்ட்ருப் நகர வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து அழுதாள். மனோ அன்ரி தனியொருவராக எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அறிவிப்பாளர் தாளில் இருந்ததை வாசித்தார். "ஈகைச்சுடரினை ஏற்றி வைப்பவர், திருமதி தவமணி அவர்கள்."

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. கதிரைகள் பின்னுக்கு நகரும் சத்தம், பிறகு அமைதி. கூரையிலே மழை. சுவரோரம் கைப்பந்து விளையாடும் கோல் கம்பங்கள் வலையோடு மடக்கி வைக்கப்பட்டிருந்தன. மேடையில் வரிசையாகப் படங்கள். பாதி முகங்கள் என்னைவிட இளையவை.

அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் பால் தேத்தண்ணி நிரப்பிய பெரிய பிளாஸ்க். முதலில் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மனோ அன்ரி மேடையோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒருவரும் உட்காரவில்லை. அந்த நேரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அது மரபு. சுடர் ஏறும்வரை நிற்க வேண்டும். குழந்தைகளும், தடியூன்றி வந்தவர்களும்.

அம்மா பிளாஸ்கைக் கீழே வைத்தார். கைகளைச் சேலையில் துடைத்தார். நடந்து போனார்.

எரியும் திரியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் உடனே ஏற்றவில்லை. படங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையோ தேடுகிறாரோ என்று பயந்தேன். பிறகு குனிந்தார்.

சுடர் எரிந்தது. அம்மா அழவில்லை. முன்வரிசையில் பலர் அழுதார்கள்.

அனுதாபங்கள்

அடுத்துப் பேசியது நான். மூச்சு விடாமல் பேசினேன், கைதட்டினார்கள். பேச்சு முழுவதும் நான் தேடியது அம்மாவின் முகத்தைத்தான். அவருடைய கதிரை காலியாக இருந்தது.

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து அவருடைய ஈரக் கைகளைப் பிடித்தார்கள். "இப்பவாவது மனம் ஆறட்டும்." "எத்தினை வருசம் உள்ளுக்கை வச்சிருந்தியள்." "நல்ல முடிவு எடுத்தியள் அக்கா." செத்த வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இத்தனை வருடமாக எங்கள் வீட்டுக்கு வராத அனுதாபம், அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றாக வந்து சேர்ந்தது. அம்மா எல்லோருக்கும் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ஏனம்மா ஏத்தினீங்க?"

"எல்லாரும் எழும்பி நிண்டாங்க புள்ள."

"நிக்கட்டுமே."

"செத்த புள்ளையள முன்னால வச்சிக்கிட்டு நான் வழக்குப் பேசவா? அதுகளுக்குத்தான் ஏத்தின. அந்தப் புள்ளையள்ள எத்தின பேர்ட தாய்மார் இஞ்ச இருக்காங்க?" ஒரு கோப்பையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "ஆனா அவர் வந்து கேட்டாரெண்டா, நான் என்ன சொல்லுற?"

 

மதியத்துக்குப் பிறகு

மங்கள விளக்கை ஐந்து பெண்கள் ஏற்றினார்கள். பட்டுச் சேலைகள், பூ மணம், நாதஸ்வரம் ஒலிநாடாவில். நானும் அம்மாவும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். அம்மாவின் மறுபக்கத்தில் இருந்த ஒரே வெறுங்கதிரையில் புனிதா அக்கா வந்து இருந்தார். இருவரும் கதைக்கவில்லை.

நடனம் தொடங்குமுன் ஒரு சிறுமி சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு வரிசை வரிசையாக வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். முதல்முறை சேலை கட்டியவளின் நடை. ஒவ்வொரு பெண்ணிடமும் தட்டைத் தாழ்த்தினாள்.

என்னிடம் நீட்டினாள். நான் எடுத்தேன். அம்மாவிடம் வந்ததும் தயங்கினாள். காலையில் சுடர் ஏற்றியவர் இவர்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நெற்றியில் பொட்டும் இருக்கிறது. முன்வரிசைப் பெண் ஒருவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே, வேண்டாம், என்றார். அன்பாகத்தான். அம்மாவைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று.

சிறுமி தட்டை உயர்த்தி, டெனிஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அம்மாவையும் புனிதா அக்காவையும் தாண்டிப் போனாள்.

  எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காதவர்களாக இருந்தார்கள். ஒரு காலைப்பொழுதில் எல்லாம் முடிந்துவிட்டது. இனிமேல் எந்த மண்டபத்திலும், எந்தக் கலியாணத்திலும் அந்தத் தட்டு அம்மாவிடம் நிற்காது.

"புள்ள" என்றார் அம்மா.

சிறுமி திரும்பினாள்.

"இஞ்ச வா. என்னை விட்டிட்டுப் போறாய்."

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். இந்த முறை அங்கிருந்து ஒரு கண்ணசைவும் வரவில்லை. மெதுவாகத் திரும்பி வந்து தட்டைத் தாழ்த்தினாள். 

அம்மா குங்குமத்தை எடுத்தார். தேவைக்கு மேல் எடுத்துவிட்டார். ஒட்டுப்பொட்டுக்கு மேலே வைக்க நினைத்தது, ஒருபக்கம் சாய்ந்து புருவத்தில் கொட்டியது. கண்ணிமையிலும் விழுந்தது. அம்மா கண்ணை மூடினார்.

நான் கைக்குட்டையைத் தேடினேன். அதற்குள் புனிதா அக்கா திரும்பிவிட்டார்.

"ஆடாத, தவம். கோணிப்போச்சு."

ஒரு கையால் அம்மாவின் நாடியை உயர்த்திப் பிடித்தார். மறுகைப் பெருவிரலால் இமையைத் துடைத்தார், புருவத்தைத் துடைத்தார், பிறகு கொட்டியதை நெற்றியின் நடுவுக்குக் கொண்டுவந்து வட்டமாக அழுத்தினார். நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

மண்டபத்து மின்விளக்குகளை அணைத்து நடனத்தைத் தொடங்கினார்கள். அரைவெளிச்சத்தில் புனிதா அக்கா தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவப்பாக இருந்தது. சேலையில் துடைக்கவில்லை. எதிலும் பட்டுவிடாதபடி, நடனம் முடியும்வரை அந்த விரலை நிமிர்த்தியே வைத்திருந்தார்.